நான்கு பேருக்கும் ஒரே முதுகு

செப்டம்பர் 3, புதன்

இன்று கடைக்கு வந்தவர்கள் பிறந்தநாள் பேனருக்கு வரவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து கேம் செய்கிறார்களாம், நான்கு பேர். சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. படம் பார்த்து, வசனம் படித்து, பட்டனைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். விஷுவல் நாவல் என்று பெயர். தலைப்பு 'மொட்டை மாடி'. பத்து வருடத்துக்கு முன் வந்த முடிச்சூர் வெள்ளத்தில் நான்கு பெண்கள் ஒரு மாடியில் மாட்டிக்கொள்ளும் கதை. அந்தப் பெண்களை எழுதியவர்கள் இந்த நான்கு ஆண்கள்தான், ஆளுக்கு ஒருத்தி.

இணையக் கடையில் விற்க அட்டைப்படம் வேண்டுமாம். நான் போட்ட கல்யாணப் பத்திரிகை ஒன்றை எங்கோ பார்த்திருக்கிறார்கள். தலைவர் மாதிரி இருந்த பிரணவ் சொன்னார்: "உங்க பேரு கேம்ல வரும் மேடம். கடைசில கிரெடிட்ஸ்ல, தனியா."

இரும்புலியூரில் ஸ்டெபின் அண்ணா கடையில் பன்னிரண்டு வருடமாக பேனர் டிசைன் செய்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் வரும். சித்திகா என்ற பெயர் ஒரே ஒரு பேனரில்தான் வந்திருக்கிறது, என் கல்யாண பேனரில். அதனால் உடனே ஒத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, சனி

நால்வரும் சேர்ந்து அனுப்பிய மெயில்: "மினிமலா இருக்கணும். நாலு கேரக்டரும் இருக்கணும்."

பிறகு தனித்தனியாக நான்கு மெசேஜ். இசை அமைப்பவருக்கு அவர் எழுதிய நர்ஸின் முகம் பெரிதாக வேண்டும். நால்வரில் சின்னவர் முகிலன் கேட்பது கல்லூரிப் பெண்ணை. அவள்தான் கதையின் ஆன்மாவாம். கம்ப்யூட்டர் கோடு எழுதுபவருக்கு பேங்க் அக்கா. பிரணவுக்கு ஹவுஸ் ஓனரம்மா நடுவில், "நான் சொன்னேன்னு மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்."

போன மாதம் ஒரு கட்சிக்காரரின் ஆட்களும் இதைத்தான் கேட்டார்கள். அவர்களாவது நேரில் வந்து, கடை வாசலில், வாய்விட்டுச் சண்டை போட்டார்கள்.

பேனரில் அவரவர் முகத்தை மட்டும்தான் அவரவர் பார்ப்பார்கள். ஒரு தடவை கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயரே விட்டுப்போயிற்று. பந்தி முடியும்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைதான் கவனித்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்கு முகமும் வைத்து ஒன்று செய்தேன். இணையக் கடையில் இந்தப் படம் தபால்தலை அளவில்தான் தெரியும். அந்த அளவுக்கே பிரின்ட் எடுத்து, கடைக் கண்ணாடியில் ஒட்டி, டீக்கடையில் நின்ற ஸ்டெபின் அண்ணாவிடம் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"அப்பளம் காயப் போட்டுகிறாங்களா?"

நால்வருக்கும் அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 10, புதன்

பிரணவுக்கு ஹவுஸ் ஓனரம்மாவின் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டுமாம். தபால்தலையில்.

செப்டம்பர் 13, சனி

கேமைக் கேட்டேன். "நீங்க ஆட வேணாம் மேடம், நாங்க அனுப்பின பிரீஃப்ல எல்லாமே இருக்கு" என்றார் பிரணவ். விடாமல் கேட்டு வாங்கி, மதியம் முழுக்க உட்கார்ந்து முடித்தேன்.

மோசமில்லை. படகு வருகிற இடத்தில் அழுதுவிட்டேன். ஆனால் கீழே கழுத்தளவு வெள்ளம் நிற்க, மாடியில் இந்தப் பெண்கள் எப்படி இத்தனை தடவை கூந்தலைக் கோதிக்கொள்கிறார்கள்? ஒருத்தியாவது பாத்ரூமுக்கு என்ன செய்வது என்று கேட்க வேண்டாமா? பிரணவிடம் கேட்டதற்கு, அந்த வருடம் தான் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நால்வருமே இங்கே இல்லையாம்.

நான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன், முடிச்சூரில் அத்தா வீட்டு மாடியில், இரண்டு நாள். தலையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, சிக்னலுக்காக போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அத்தா அன்று தன் கடையைப் பார்க்கப் போயிருந்தார். கை வலிக்க வலிக்க இறக்கவில்லை. இறக்கினால் அத்தா திரும்ப வரமாட்டார் என்று ஏனோ தோன்றியது. மூன்றாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அதையே வரைந்தேன். படம் முழுக்கப் பழுப்புத் தண்ணீர், நடுவில் கறுப்புத் தொட்டி, அதன்மேல் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். தூக்கிய கையில் போன் வெளிச்சம். முகம் கிடையாது. தபால்தலை அளவிலும் கண்ணைப் பிடித்து இழுக்கிறது. ஸ்டெபின் அண்ணா டீயைக் குடிக்காமலே சாலையைத் தாண்டி வந்தார். "யாருமா அது?"

சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

நான்கு மெசேஜும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. இசைக்காரர்: "நர்ஸ்தானே? அந்தத் தோளைப் பாத்ததுமே தெரிஞ்சுது." முகிலன்: "காலேஜ் பொண்ணைக் கரெக்டா புடிச்சிட்டீங்க அக்கா." கோடுக்காரருக்கு அது பேங்க் அக்கா. பிரணவ்: "ஹவுஸ் ஓனரம்மாவை வெச்சதுக்கு தேங்க்ஸ். மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க."

யாரிடமும் சொல்லவில்லை. ஒரே முதுகு, நான்கு பேருக்கும் திருப்தி. நான் அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவள்.

அக்டோபர் 8, புதன்

இணையக் கடையில் கேமின் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதற்குக் குறித்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறார். மொழிபெயர்த்து மூன்று தடவை படித்தேன். என் கணவர் அசாருக்கும் படித்துக் காட்டினேன். "உன் பேரு எங்க?" என்றார். கேம் வரட்டும், கடைசியில் வரும் என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

வெளியீடு. வெள்ளத்தின் பத்தாம் ஆண்டு நாள் பார்த்து வைத்திருக்கிறார்கள். மார்க்கெட்டிங்காம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெயர் இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஆடி, கடைசி வரி வரை பார்த்தேன். 'அட்டைப்படம்: மொட்டை மாடி குழு' என்றிருக்கிறது. அதற்குக் கீழே நன்றி: பிரணவின் பூனை ஜிலேபிக்கு.

பூனை. அது என்னத்த வரஞ்சுது? தண்ணி புகுந்தப்ப அது எந்தத் தொட்டி மேல நின்னுச்சு? எம் முதுகுய்யா அது. என் கை. பத்து வருஷமா நெஞ்சுல வெச்சிருந்ததத் தூக்கிக் குடுத்தேனே—

அழுதேன். போன் செய்து கேட்டேன். "அய்யய்யோ மேடம், மிஸ் ஆயிருக்கும். அடுத்த அப்டேட்ல பாக்கலாம்." பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தைதானே.

டிசம்பர் 9, செவ்வாய்

நால்வரும் கடைக்கு வந்தார்கள். கேம் நன்றாகப் போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் மண்டபம் பிடித்து வெற்றி விழா. வாசலுக்குப் பெரிய பேனர் வேண்டும். நால்வர் போட்டோவும் வர வேண்டும்.

"மினிமலாவா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். கிராண்டா."

டிசம்பர் 10, புதன்

டிசைனை அனுப்பினேன். அட்டைப்படம் முழு அகலத்துக்கு. கீழே நான்கு வட்டங்களில் நான்கு முகங்கள். மேலே, இருப்பதிலேயே பெரிய எழுத்தில், மஞ்சளில், 'அட்டை ஓவியம்: சித்திகா'. கேமின் பெயர் அதில் பாதி அளவு.

பதில்கள் வந்தன. இசைக்காரர்: கண்ணாடி மின்னுகிறது, குறைக்கவும். முகிலன்: தாடி வெட்டுப்படுகிறது. கோடுக்காரர்: கொஞ்சம் சிவப்பாக்க முடியுமா? பிரணவ்: "என் வட்டம் மத்தவங்களைவிட ஒரு இன்ச் பெருசா இருக்கட்டும். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

எல்லாத் திருத்தமும் செய்து கொடுத்தேன். நால்வரும் ஓகே சொன்னார்கள். ஸ்டெபின் அண்ணா மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கஸ்டமர் ஓகே சொல்லிட்டாரில்ல? அப்பால நமக்கு இன்னா" என்று பட்டனைத் தட்டினார்.

டிசம்பர் 14, ஞாயிறு

அசாரோடு பைக்கில் மண்டபத்தைத் தாண்டிப் போனேன். நிறுத்த வேண்டாம் என்றேன். ஓடுகிற வண்டியிலிருந்தே படிக்க முடிந்தது. வாசலில் ஒரு பெண் சின்னக் குழந்தைக்கு என் பெயரைக் கைகாட்டி எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த சிக்னலில் அசார் வண்டியை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்தத் தொட்டி மேல இருக்கறது நீதானே" என்றார்.

அவருக்கு நான் சொன்னதே இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் பிரணவ் போன் செய்தார். மேடையில் ஏறிய எல்லோரும் "சித்திகா மேடம் வரலையா?" என்று கேட்டார்களாம். "நீங்கதானே பாத்து ஓகே சொன்னீங்க" என்றேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கேமுக்கு அப்டேட் வந்தது. 'அட்டைப்படம்: சித்திகா'. தனி வரியில், பூனைக்கு மேலே.