ஒரே அளவாக்கிய கிரெய்ன்கள்

வைட்ஃபீல்ட்,
ஞாயிறு

அன்புள்ள லீனாவுக்கு,

நலம்தானே? போன வாரம் ஆஸ்டின் டவுனில் உன் அம்மாவைப் பார்த்தேன். மூட்டுவலி பரவாயில்லையாம். ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. காபி குடித்ததும் கிளம்பிவிட்டேன்.

இதைப் போனில் சொல்லத் தைரியமில்லை. அதனால்தான் இந்த மெயில்.

சோதனையில் விரிசல் விட்ட டர்பைன் டிஸ்க் நினைவிருக்கிறதா? உலைக்குப் போகுமுன் எடுத்த மைக்ராஸ்கோப் படத்தில், விளிம்புப் பக்கம் உலோகத்தின் நுண்மணிகள், அந்த கிரெய்ன்கள், பெரிதும் சிறிதுமாய் அரிசியும் நொய்யும் கலந்த மாதிரி இருந்தன. படத்தில் உள்ளபடியே கம்ப்யூட்டர் மாடலில் போட்டாயா என்று நீ கேட்டாய். போட்டேன் என்றேன். போடவில்லை, லீனா. அப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் நாலு நாள் ஓடும். மறுநாளே ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி ஓட்டினேன். உலோகத்தில் குறையில்லை என்று வந்தது. என்னை நம்பி நீயும் கையெழுத்துப் போட்டாய்.

அப்படியானால் உலையில்தான் சூடு கூடியிருக்கும் என்று, உலை பார்த்த நாராயணசாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நீ போன பிறகு நடந்தது இது.

அவர் மனைவி யசோதா பத்து நாள் முன்பு கேட்டில் வந்து நின்றார். தன் கணவர் உலையின் சூட்டை எழுதி வைத்த நோட்டை யாராவது பார்த்தீர்களா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டார். அன்றே படத்தில் உள்ளபடி போட்டு, நாலு நாளும் ஓட விட்டேன். நிஜ டிஸ்க்கில் விட்ட அதே இடத்தில் மாடலிலும் விரிசல் விட்டது. குறை உலோகத்தில்தான், உலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஹரிஷிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கு இதில் பங்கில்லை என்பதுதான் முதல் வரி. நாராயணசாமியைத் திரும்ப எடுப்பது பற்றி நாளை பேசுவார்களாம். முடிவு தெரியும்வரை என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

நேற்று ஸ்ரீராம்புரத்தில் நாராயணசாமியின் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இதை எம் பொண்ணுகிட்டயும் சொல்லுங்கம்மா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்றார். சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். ரிப்போர்ட்டில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. நாளை உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கு முன் என்னிடமிருந்து உனக்குத் தெரிய வேண்டும்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்,
பார்கவி