கோட்டுப் பலகையில் ஒரு விரிசல்

எப்போதும் எனக்கு ஓரடி முன்னால் நடந்துபோன என் பாஸ்கருக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். அந்த எண்ணம் இப்போதும் முழுக்கப் போய்விடவில்லை.

ஆனால் வருகிற வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார்கள். போட்டால், உன் கடைசி வேலை உன்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அதற்குள் உன்னிடம் சிலவற்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இதை ஏன் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கௌரியும் பாப்பாவும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். உன் விசாவோடு அவர்கள் விசாவும் முடிந்தது. இங்கே வளைகுடாவில், முவைலாவில் நீங்கள் இருந்த ஃபிளாட்டுக்கு வேறு குடும்பம் வந்தாயிற்று. இரண்டு மாடி கீழே நான் மட்டும் இன்னும் இருக்கிறேன். ஈரத்தாள் உலர்த்த நீ பால்கனியில் கட்டிய கம்பியில் இப்போது பள்ளிக்கூடச் சீருடைகள் காய்கின்றன. லிஃப்டில் அந்த வீட்டு ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் சிரிப்பதில்லை.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நீ பொறுத்துக்கொள். நாம் இருவரும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஜப்பானுக்குப் போய் மரப்பலகை அச்சு படிக்க ஒரே ஓர் இடம் வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். "ரகு நல்லா வரைவான். ஆனா பத்து பேரோட சேர்ந்து வேலை செய்ய மாட்டான்" என்று பேராசிரியர் சொன்னாராம். இடம் உனக்கு வந்தது. அந்த வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து நீ திரும்பி வந்தாய். வந்ததும் என் தங்கை கௌரியைக் கல்யாணம் செய்துகொண்டாய். அதுவரை சும்மா வாய்க்கு வந்தபடி "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் என்னை நிஜமாகவே மச்சானாக்கிவிட்டாய். என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு உனக்கு வேலை இல்லை என்று கௌரி அழுதாள் என்பதற்காக, அல் கூஸில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு உன்னையும் நானே சிபாரிசு செய்து வரவழைத்தேன். படங்களுக்குச் சட்டம் போடுவதும் பழைய படங்களைச் செப்பனிடுவதும் அங்கே வேலை. வந்த மூன்றாம் மாதம் ஜன்னலோர மேசை உனக்குப் போனது. பதினோரு வருடம் நான் கேட்ட மேசை.

உன்னிடம் எனக்கு எரிச்சல் மூட்டாத ஒரே நேரம் சாப்பாட்டு நேரம்தான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நீ ஜப்பானைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாய்.

"அங்க ஒரு படத்துக்கு ஒரு ஆள் இல்ல மச்சான், நாலு பேரு. பதிப்பாளன், வரையறவன், செதுக்கறவன், அச்சடிக்கறவன். இதுல ஜனங்களுக்குத் தெரியறது வரையறவன் பேரு மட்டும்."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான்டா. செய்யறவன் பேரு எவனுக்குத் தெரியும்?"

"நீ வேற. சோத்துல கைய வைக்கறதுக்கு முன்னாடியே கசப்பைக் கொட்டற."

மெல்லிய தாளில் வரைந்த மூல ஓவியத்தை அப்படியே குப்புறச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, அந்தத் தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். பலகை பிறக்கும்போது மூலம் செத்துப்போகும். கோடுகளுக்கு ஒரு பலகை, அதுதான் கோட்டுப் பலகை. அதிலிருந்து எடுத்த பிரதிகளை வைத்து வண்ணத்துக்கு ஒன்றாக மற்றப் பலகைகள். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் இரண்டு சின்ன வெட்டு. தாளின் மூலையும் விளிம்பும் அந்த வெட்டில் உட்கார்ந்தால்தான் வண்ணம் கோட்டுக்குள் விழும். இயந்திரம் கிடையாது. பலகையில் வண்ணமும் அரிசிப் பசையும் தடவி, ஈரத்தாளை மேலே வைத்து, மூங்கில் மடலால் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகைத் தேய்க்கவேண்டும். வெறும் தோள் பலம்.

அந்தக் காலத்தில் ஒரு படம் வெளியே போகுமுன் அரசாங்கத் தணிக்கையின் முத்திரையும் பலகையில் ஏறவேண்டும் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "அந்த முத்திரை குத்தற வேலை எனக்குக் குடு. அதுக்குதான் நான் சரி" என்றேன். இப்போது அந்த வேலைதான் எனக்கு வந்திருக்கிறது, பாஸ்கர்.

போன வருடக் கடைசியில் மேனேஜர் தயாளன் ஒரு வேலையோடு வந்தார். ஒரு ஜப்பானிய உணவகத்தின் சுவருக்குப் பழைய அச்சுப்படம் ஒன்றின் நகல் வேண்டும், பலகையிலிருந்தே எடுத்ததாக இருக்கவேண்டும். ஒளிவுமறைவு இல்லாத வேலை. நீ தேர்ந்தெடுத்தது ஒரு சாவுப் படம். நாடக நடிகர்கள் இறந்தால் ரசிகர்களுக்காக அவசரமாக அடித்து விற்ற படங்களாம் அவை. இளநீல அங்கி, கையில் ஜபமாலை, ஓரத்தில் இறந்த நாள். அவசரத்தில் நாளையே தவறாக அச்சிட்டதும் உண்டு என்றாய்.

"ஏன்டா, கடலு, மலை, பூ எதுவும் கிடைக்கலையா? சாப்பிடற இடத்துல மாட்ட செத்தவன் படமா?"

"அந்த நீலத்தைப் பாரு மச்சான். யாருக்கும் தெரியாது அது சாவு நீலம்னு. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

எட்டுப் பலகை செதுக்கினாய். கோட்டுப் பலகையின் கீழ் ஓரத்தில், படத்துக்கு வெளியே, உளுந்து அளவுக்கு ஒரு "பா" செதுக்கி வைத்தாய். நகல் செய்தவன் யார் என்று தெரியவேண்டும், மறைத்தால் அது திருட்டு என்றாய்.

இனி நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது.

பக்ரீத் லீவுக்கு நீங்கள் மூவரும் சலாலாவுக்குக் கிளம்பிய அன்று, நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "மச்சான், என் மேசைக்கு மேல இருக்கற ஏசியை மட்டும் ஆஃப் பண்ணிடு. கோட்டுப் பலகை மேல ஈரத்துணி போட்டுடு. இந்தக் காத்து மரத்தை உறிஞ்சிடும்." சரி என்றேன். சாவியை வைத்துக்கொண்டு உன் ஜன்னலோர மேசைமுன் நின்றேன். மறக்கவில்லை. மறந்துபோனேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். ஏசியை அப்படியே விட்டுவிட்டு விளக்கை மட்டும் அணைத்துப் போனேன்.

நீ திரும்பி வந்தபோது பலகையில் மயிரிழை விரிசல். நடிகனின் தோளிலிருந்து ஜபமாலை வரை. நீ விரலால் அதைத் தடவிப் பார்த்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய். "விடு மச்சான், மரம்தானே" என்றாய். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும்தான் அப்படிச் சொன்னாயா?

ஜூலையில் அச்சடிக்க ஆரம்பித்தாய். ஏசி ஓடினால் ஒரு வண்ணத்துக்கும் அடுத்த வண்ணத்துக்கும் நடுவில் தாள் காய்ந்து சுருங்கிவிடுகிறது. வெட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. அதனால் ஏசியை நிறுத்தி, கதவில் ஈரப் போர்வை தொங்கவிட்டு, அல் கூஸின் ஜூலையில், தகரக் கூரைக்குக் கீழே நின்று தேய்த்தாய். கூட இருந்து தாள் எடுத்துக் கொடுக்கச் சொன்னாய். "எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது நான் முதலில் பார்த்தது தாளை. அதுவரை எடுத்தவையெல்லாம் பாழ். அது ஒன்றுதான் சரியாக விழுந்திருந்தது. ஈரத்தில் அந்த நீலம் மூச்சு விடுவதுபோல் இருந்தது. என்னால் இந்த ஜென்மத்தில் இப்படி ஒன்று செய்யமுடியாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் மேசைக்கு அடியில் உன் காலைப் பார்த்தேன். மாரடைப்பு என்றார்கள்.

உணவகக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். நாங்கள் உன்னை ஊருக்கு அனுப்பிவைத்த வாரம், பட்டறைக்கு வந்த ஒரு சேகரிப்பாளர் சுவரில் சாய்த்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துப் பழைய அசல் என்று நினைத்துக்கொண்டார். தயாளன் திருத்தவில்லை. அவர் போனதும் என்னிடம் வந்தார்.

"ரகு, ஓரத்தைக் கொஞ்சம் டிரிம் பண்ணிடு. பழசு எல்லாமே ஓரம் வெட்டினதாத்தான் இருக்கும்."

"ஓரத்துலதான் சார் அவன் எழுத்து இருக்கு."

"அதான் சொல்றேன்."

எஃகு அளவுகோலை வைத்து வெட்டினேன். உன் "பா" தரையில் விழுந்தது. வெட்டு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. பிறகு தாளைக் கூரைமேல் வெயிலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இந்த ஊர் வெயிலுக்கு நூறு வருடத்துக் கிழட்டுத்தனத்தைக் கொண்டுவர மூன்று வாரம் போதும். உன் நீலம் வெளுத்து, பிணத்தின் நகம்போல் ஆனது.

அடுத்தது பலகைகள். தடயம் இருக்கக்கூடாது என்று எட்டையும் இழைத்துவிடச் சொன்னார் தயாளன். அச்சு முடிந்த பலகையை இழைத்து மறுபடி செதுக்குவது ஜப்பானில் வழக்கம்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் இழைப்பு இயந்திரத்தின் முன் நின்று வண்ணப் பலகைகள் ஏழையும் நானே உள்ளே தள்ளினேன். எட்டாவதாகக் கோட்டுப் பலகையைக் கையில் எடுத்தேன். விரிசல் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. என்னால் முடியவில்லை. எட்டும் முடிந்தது என்று தயாளனிடம் சொல்லிவிட்டு, அதை ஈரத்துண்டில் சுற்றிக் காரின் பின்சீட்டுக்கு அடியில் வைத்து முவைலாவுக்குக் கொண்டுவந்தேன்.

போன வாரம் கௌரி பேசினாள். "அண்ணா, அவர் கடைசியா அடிச்ச படம் எங்க இருக்கு?"

"ஃப்ரேம் போடணும்மா. இருக்கு."

"பாப்பா தெனமும் கேக்கறாண்ணா, 'அப்பா அதுல சைன் பண்ணாரா'ன்னு. என்ன சொல்ல?"

நான் பேச்சை மாற்றி, பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு என் நழுவல் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"நீ அவருக்கு எதையுமே விட்டுக் குடுத்ததில்லண்ணா. அவர் செஞ்சதையாவது அவருக்குக் குடு" என்றாள். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தயாளன் அறிக்கையை நீட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு, ஓரம் வெட்டப்பட்டது, பலகை நாள்பட்டதால் கோடுகளில் மயிரிழை முறிவு. கீழே செப்பனிடுபவரின் கையெழுத்து என்று என் பெயர்.

"அந்த விரிசல் இருக்கே ரகு, தெய்வச் செயல்! அதைப் பார்த்துத்தான் அந்த ஆளு மயங்கிட்டாரு. வியாழக்கிழமை வர்றாரு. அவர் முன்னாடி ஒரு கையெழுத்து, கலாஸ், வேலை முடிஞ்சுது."

"இது பாஸ்கர் செஞ்சது சார்."

"எவன் கேக்கறான்? சொன்னா டூப்ளிகேட் அடிச்சவன்னுதான் அவன் பேரு வரும். உன் தங்கச்சிக்கு அது வேணுமா?" அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "உன் விசா ரினீவல் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. பாஸ்போர்ட்டும் ஆஃபீஸ் லாக்கர்லதான். ஞாபகம் இருக்குல்ல?"

நேற்று அவரே மறுபடி கேட்டார், எட்டுப் பலகையும் இழைத்தாயிற்றா என்று. தச்சுப் பட்டறைக்காரன் ஏழு என்று சொன்னானாம். நான் மறுபடியும் எட்டு என்றேன். அவர் சிரித்தார். இன்று மத்தியானம் நம் கட்டட வாட்ச்மேன் சொன்னான், யாரோ இரண்டு பேர் வந்து நான் எந்த மாடி என்று கேட்டார்களாம். வெள்ளைக் கார் ஒன்று மளிகைக் கடை எதிரே நிற்கிறது. யாருடையதோ. இந்த ஊரில் வெள்ளைக் காருக்கா பஞ்சம்? இருந்தாலும் நான் இதுவரை நாலு தடவை திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டேன்.

பலகை என் மேசைமேல் இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டேன். ஈரத்துணி போட்டிருக்கிறேன். ஐந்து மாதம் தாமதம். தயாளனுக்கு ஒன்று தெரியவில்லை, பாஸ்கர். நீ சொல்லிக் கொடுக்காமலே உன் சாப்பாட்டு நேரப் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டது: விரிசல் பொய் சொல்லாது. இந்தப் பலகையில் அது எந்தெந்தக் கோட்டைக் கடக்கிறதோ, படத்திலும் அந்தந்தக் கோட்டில், அதே இடத்தில், வெள்ளை இடைவெளி இருக்கிறது. உலகத்தில் வேறு எந்தப் பலகையிலும் அது இல்லை. பலகையின் ஓரத்தில் உன் "பா" இருக்கிறது. பொறாமையில் நான் உண்டாக்கிய காயம்தான் இப்போது உனக்கு ஒரே சாட்சி.

நாலு பேர் அறிய எழுதியது இதற்குத்தான். பலகையின் படங்களையும் இதோடு சேர்த்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் இந்தப் பலகை காணாமல் போனாலும், நான் எங்கே என்று யாருக்காவது கேட்கத் தோன்றினாலும், படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உனக்கு இதுவரை நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதில்லை. இதைக் காப்பாற்றுகிறேன். பதினோரு மணிக்கு, வாங்க வருகிறவர் முன்னால், படத்தின் பக்கத்தில் பலகையை வைப்பேன். தயாளனின் அறிக்கையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். செதுக்கியவர் பாஸ்கர். அச்சிட்டவர் பாஸ்கர். ஓரத்தை வெட்டியது நான். விரிசல், நான்.

கதவு மணி அடிக்கிறது. இதை அனுப்பிவிட்டு, பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் திறக்கவேண்டும்.

ஏசியை அணைக்காமல் போன,
உன் மச்சான்
ரகு