அரக்கு வைத்த ரிவால்வர்

மே 12, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். தேர்தலுக்காக மார்ச்சில் ஒப்படைத்த ரிவால்வரை வாங்க, உப்பளம் வீட்டிலிருந்து நடந்தே காவல் நிலையம். ஒரு மணி நேரம் பெஞ்சில். அங்கே எவனும் தொடக்கூடாதென்று, நானே தைத்த தோலுறையில் போட்டு, கயிறு சுற்றி, அரக்கு வைத்து, மோதிரத்தை அழுத்திக் கொடுத்திருந்தேன். முத்திரை அப்படியே இருந்தது. ரைட்டருக்குச் சிரிப்பு.

"கல்யாணப் பொண்ணு மாதிரி அனுப்புனீங்க பெரியவரே. கை படாம திருப்பிக் குடுக்கறோம். கையெழுத்து போடுங்க."

போட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தேன். துரு.

மே 13, புதன்
கரண்ட் இல்லை. ஜன்னலோரம் வைத்துச் சோதனை.
– குழலின் வலப்பக்கம் கடுகளவில் மூன்று குழி. நகம் மாட்டுகிறது.
– உருளை தடையின்றிச் சுற்றுகிறது. பூட்டிய பிறகு மயிரிழை ஆட்டம்.
– மரப்பிடி, திருகுகள் சரி.
– கரும்பூச்சு: தகர டப்பாவுக்கு அடிக்கிற சாயம் இதைவிட நாள் நிற்கும்.

ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டர். பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததல்ல, கை சொல்லித் தந்தது. மட்டமான எஃகு. இடுப்பில் அடங்க வேண்டுமென்று சின்னதாகச் செய்தவர்கள், எடையோடு தரத்தையும் குறைத்துவிட்டார்கள்.

தெரேஸ் அடுப்படியிலிருந்து: "தோலுல சுத்தி ரெண்டு மாசம் மூச்சு விடாம அடைச்சு வெச்சா, இந்த உப்புக்காத்துக்கு வேற என்னா ஆவும்? பீரோவுல கெடந்த வரைக்கும் நல்லாதான இருந்துது."

ஐம்பது வருடம் கூட வாழ்ந்தால் இரும்பு தெரிந்துவிடுமா.

மே 15, வெள்ளி
மதியம் சங்கரா மீன் குழம்பு. உப்பு கூடுதல். ரிவால்வர் செய்த தொழிற்சாலைக்குப் புகார், நான்கு பக்கம். கடைசி வரி: 'இந்த ஆயுதம் உயிர்காக்கத் தகுதியற்றது.' நகல் லைசென்ஸ் அலுவலகத்துக்கு. பதிவுத் தபால். படிக்கட்டும்.

மே 24, ஞாயிறு
பூசை. பிரசங்கம் நீளம். பிரான்சிலிருந்து மகன் போன். "அத குடுத்துத் தொலைச்சிட்டு, மனையையும் வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா." வைத்துவிட்டேன். ரெட்டியார்பாளையம் மனையில் வேலியைப் பிடுங்கியவன், ஆட்களோடு நம் வீட்டு வாசலில் நின்ற அன்று இவன் எங்கே இருந்தான்? அதன் பிறகு வாங்கியதுதான் லைசென்ஸ். ஒன்பது வருடம். மனைப் பக்கம் எவனும் தலைகாட்டியதில்லை. இந்த வயதில் லைசென்ஸ் போனால் மறுபடி தரமாட்டார்கள்.

ஜூன் 2, செவ்வாய்
தூறல். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். ஆயுதம் சோதிக்கும் போலீஸ்காரர் எண்ணெய்த் துணியால் துடைத்தார், விசையை இழுத்தார், உருளையைச் சுழற்றினார். "மேல் துருதான். தேச்சா போயிடும். இன்னும் இருவது வருஷம் ஒழைக்கும்."

அதிகாரி சின்னப் பெண். மேசையில் என் கடிதம்.

"தகுதியற்றதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே ஐயா. அப்புறம் நான் எப்டி புதுப்பிக்கறது? பராமரிப்புக் குறைவால வந்த துரு, புகார வாபஸ் வாங்கறேன்னு ரெண்டு வரி குடுங்க. இல்லன்னா இங்கயே ஒப்படைச்சிடணும்."

வெள்ளைத்தாள், பேனா.

போலீஸ்காரர் குனிந்து மெதுவாக: "எழுதிடுங்க பெரியவரே. எதுல வெச்சிருந்தீங்க?"

"தோலுறையில."

"யார் தெச்சது?"

பேனாவை மூடினேன். ஒப்படைப்புப் படிவம் கேட்டேன். 'ஆயுதத்தின் நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைத் திறந்து, கட்டம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக எழுதினேன்: மட்டமான எஃகு.