மதினியின் லைட் செட்

டிக்கோயா,
ஜனவரி 18.

அன்புள்ள மதினிக்கு,

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் "நல்லா இருக்கோம் மதினி" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வராது என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் உங்கள் தம்பி இருப்பார். நிலக்ஷி போனைப் பிடுங்கக் காத்துக்கொண்டிருப்பாள். தட்டுத் தடுமாறி ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் பூரணி லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். மிளகாய்த்தூள் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தனியாக இருக்கும்போது கொடுக்கச் சொன்னேன். "என்னா டீச்சர், மதினிக்கு லவ் லெட்டரா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அது தப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகள் நிலக்ஷியைப் பற்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. போன தவணைப் பரீட்சையில் பொருளியல் தவிர எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி. "இந்த வீட்டுல யாருக்குத்தான் பொருளியல் வரும் மாமா?" என்று அவரிடமே கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வருசம் பனி அதிகம். நீங்கள் அனுப்பிய கம்பளியை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஏ.எல். பரீட்சை முடித்ததும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவேன் என்கிறாள். போவாள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். லைட் செட் வாடகைத் தொழிலில் கொஞ்சம் நெருக்கடி என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கொஞ்சம் இல்லை மதினி. கழுத்து வரைக்கும் கடன் வந்துவிட்டது.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, நிலக்ஷி டியூஷனுக்குப் போன பிறகு, அவரை உட்காரவைத்தேன். தொழிலுக்கு வாங்கிய கடன் எது, வீட்டுக்கு வாங்கிய கடன் எது, பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவரால் பிரிக்க முடியவில்லை. லொறியின் லீசிங் தவணை கட்ட என் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். சங்கிலிக்கு வட்டி கட்ட ஒரு கோயில் கமிட்டி கொடுத்த முற்பணத்தை எடுத்திருக்கிறார். அந்தக் கோயிலுக்கு லைட் போட வயர் இல்லாமல் டவுனில் கடனுக்கு வயர் வாங்கியிருக்கிறார். "எல்லாம் ஒரே வயருதான் ரஜிதா, ஒண்ணப் புடிச்சு இழுத்தா மொத்தமும் வருது" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அவர் குடிக்கவில்லை, சூதாடவில்லை. அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செத்த வீட்டுக்கு லைட்டும் கதிரையும் மழைக்குத் தறப்பாளும் முதலில் போய்விட வேண்டும், கூலியைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பதினாறாம் நாள் கருமாதி முடிந்து அந்த வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டில் பணம் வைத்துக் கொடுப்பார் என்பதுதானே நம் பக்கத்து வழக்கம். சாமான் விலை ஏறின காலத்திலிருந்து தட்டில் வெற்றிலை மட்டும் வருகிறது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வருகிறார். கார்த்திகை மழையில் மண் சரிந்து லயத்து வீடுகளின் சனமெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்து, டீசலும் கைக்காசில் ஊற்றினார். டவுனில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் செல்லசாமி முதலாளி அவரை வழியில் கண்டு, "தம்பி, ஊருக்கெல்லாம் சும்மா லைட்டு போடுறீங்க, கடைசில ஒங்க ஊட்டு லைட்டப் புடுங்கிக்கிட்டுப் போயிருவானுங்க, பாருங்க" என்று சொன்னாராம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

முடிந்ததைச் செய்திருக்கிறோம். ஹட்டனில் லீசிங் ஆபீசுக்கு அவரோடு நானும் போனேன். நான்தான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், லொறியை ஒப்படைத்துவிடுகிறோம், மிச்சத்தைத் தவணையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தவணையை என் சம்பளத்தில் கட்டலாம். லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டு, முன்னால் ஒட்டியிருந்த சின்ன முருகன் சிலையைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறினார். வீடு வரும் வரை அந்தப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. இதைச் செய்யவைத்தவள் நான்தானே என்று எனக்கு ஜன்னல் பக்கமே பார்க்கத் தோன்றியது.

சங்கிலி அடகுக் கடையில் கிடக்கட்டும். கழுத்து அதற்குப் பழகிவிட்டது. வயர்க் கடைக்காரரும் தவணை கொடுத்திருக்கிறார்.

கொடுக்க முடியாத இடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஜெனரேட்டரும் லொறியும் எடுத்த நேரத்தில் கையில் முதல் போதவில்லை. நுண்கடன் கம்பனிக்காரர்கள் ஆண்களுக்குக் கொடுப்பதில்லை. பெண்கள் ஆறு பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பென்று கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள். நம் லயத்தில் ராக்காயி அக்காவும் அவரோடு ஐந்து பேரும் தங்கள் பெயரில் எடுத்து, மொத்தத்தையும் உங்கள் தம்பி கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நியமனம் கிடைத்த மாதம் அது. "டீச்சர் ஊடுதானே, கவர்மெண்டு சம்பளம் ஓடியா போயிரும்?" என்று ராக்காயி அக்காதான் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னாராம். அவர் நம்பியது லைட் செட்டை இல்லை மதினி. என் படிப்பை. நம் தோட்டத்தில் பட்டம் வாங்கின முதல் ஆள் என்று கோயிலில் மாலை போட்டார்களே, அந்த மாலையை நம்பி ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 

இரண்டு வருசம் உங்கள் தம்பி ஒழுங்காகக் கட்டிவந்தார். இப்போது சில மாதமாக அவரால் முழுசாகக் கொடுக்க முடியவில்லை. கம்பனிக்காரர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருவார். ராக்காயி அக்கா வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால், ஆறு பேரின் காசும் சேரும் வரை எழும்ப மாட்டார். அதற்காகவே அவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து நேரத்தோடு இறங்குகிறார்கள். கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப் பேர்தான் போடுவார், அரை நாள் சம்பளம். கடன் கட்டுவதற்காகச் சம்பளத்தை இழக்கிறார்கள். அவர்கள் வாங்காத கடன்.

ராக்காயி அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியும். நான் ஸ்கூலுக்குப் போகும்போது மேட்டிலிருந்தே, "டீச்சரம்மா, புள்ளைங்களுக்குக் கழித்தல் சொல்லிக் குடுக்கிறீங்களே, அதை ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அப்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. நான் வருவதைக் கண்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கரைப் பாதையால் சுற்றிப் போகிறார். கடன்பட்ட நாங்கள்தான் ஒளிய வேண்டும். எங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவர் ஒளிகிறார் மதினி.

போன வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி என் ஏ.டி.எம். காட்டைக் கேட்டார். ஹட்டனில் ஒருவர் நாளுக்கு நாள் ஏறும் மீட்டர் வட்டிக்குப் பணம் கொடுக்கிறாராம். காட்டையும் அதன் நம்பரையும் அவரிடம் கொடுத்துவிட்டால் மாதாமாதம் சம்பளத்தை அவரே எடுத்துக்கொள்வாராம். அந்தப் பணத்தை வாங்கி ஆறு பேரின் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிடுகிறேன் என்கிறார். அடைக்கலாம்தான். ஆனால் அரிசிக்கு என்ன, லீசிங் தவணைக்கு என்ன, நிலக்ஷியின் டியூஷனுக்கு என்ன? அந்த வட்டியில் விழுந்தவர்கள் எழும்பி நான் பார்த்ததில்லை. காட்டை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது என் கைப்பையில்தான் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் ஹட்டன்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதுவரைதான் நான் தேட முடியும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தேர்த் திருவிழாக்கள் தொடங்குவதற்கு முன்னால் வாங்கினால், ஸ்பீக்கர், லைட், ஜெனரேட்டர், கதிரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து லட்சம் தருவதாகச் செல்லசாமி முதலாளி கேட்கிறார். வாய் கெட்ட மனிதர், ஆனால் விலை நியாயமான விலை. ஆறு பேரின் கடனும் அதில் அடைந்துவிடும். வயரிங் வேலைக்கு இவரையே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். நான் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தேன்.

இரண்டாம் தடவைதான் மாமா, உங்கள் அப்பா, செத்த இரவைப் பற்றி அவர் என்னிடம் சொன்னார். முன்பணம் இல்லாமல் தறப்பாளும் தர மாட்டேன், லைட்டும் தர மாட்டேன் என்று டவுன் கடைக்காரர் சொல்லி அனுப்பினதும், மாமாவைக் கிடத்தியிருந்த இடத்தில் கூரை ஒழுகி, குப்பி விளக்கு அணைந்து அணைந்து போனதும், நீங்கள் உங்கள் தாவணியை விரித்து விடியும் வரை விளக்குக்கு மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றதும். குவைத்துக்குப் போய் முதன்முதலாகச் சேர்த்த பணத்தை அனுப்பி, "லைட் செட்டு வாங்குடா, நம்ம ஆளு யாரும் இனி இருட்டுல கெடக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னீர்களாம். "இது எனக்குச் சொந்தமில்ல ரஜிதா. அக்காவோட காசு, அக்காவோட சொல்லு. அக்கா வாயால திருப்பிக் கேட்டா அன்னைக்கே வித்துக் குடுப்பேன். வேற எவன் கேட்டாலும் விக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

இதுவரை எழுதியதெல்லாம் உங்களுக்கு நிலவரம் தெரியட்டும் என்று எழுதினேன். பணம் அனுப்பச் சொல்லி எழுதவில்லை. தயவுசெய்து அனுப்ப வேண்டாம், அனுப்பினால் அதையும் அவர் தொழிலில் போட்டுவிடுவார். உங்கள் முழங்கால் வலிக்கு இனியாவது டாக்டரைப் பாருங்கள். அந்த வீட்டம்மாவிடம் இரண்டு நாள் லீவு கேளுங்கள். பூரணியிடம் பிண்டத் தைலம் கொடுத்திருக்கிறேன், சூடாக்கித் தேயுங்கள்.

கேட்க வந்ததைக் கேட்காமலேயே கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். மடித்தும் விட்டேன். மறுபடியும் பிரித்து எழுதுகிறேன்.

மதினி, உங்கள் பணத்தை நீங்கள் அவரிடம் கேளுங்கள். மாதம் முடிவதற்குள் கேளுங்கள். "நிலக்ஷி படிப்புக்கு வேணும், செட்ட வித்தாவது குடு" என்று கேளுங்கள். கொஞ்சம் கோபமாகவே கேளுங்கள், மெதுவாகக் கேட்டால் நான் சொல்லித்தான் கேட்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். விற்றுவிட்டு எப்படி அனுப்புவது என்று கேட்பார். அப்போது, முதலில் ராக்காயி அக்கா வீட்டிலும் மற்ற ஐந்து வீட்டிலும் கொடுத்து முடி, எனக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பிறகு எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குக் கூசுகிறது. நிலக்ஷியின் படிப்பை மட்டும் என் பொறுப்பென்று எடுத்துக்கொள்கிறேன்.

"அக்காவும் கேட்டுட்டாங்க" என்று அவர் என்னிடம் வந்து சொல்வார். ஒன்றும் தெரியாதவளைப் போல நான் அவர் பக்கத்தில் நிற்பேன். உங்களைக் கெட்டவராக்கிவிட்டு நிற்பேன். எல்லாம் அடைந்த பிறகு ஒரு நாள் நானே அவரிடம் உண்மையைச் சொல்லுவேன். அதுவரை இந்தப் பழியை நீங்கள்தான் சுமக்க வேண்டும், வேறு யாராலும் முடியாது.

கேளுங்கள் மதினி. கேட்டுவிட்டு, வாங்காமல் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பியின் வீட்டிலிருந்து,
ரஜிதா.