சாவி கொடுத்த பிறகு

மட்டாஞ்சேரி, பாலஸ் ரோடு
18-8-1982

சௌபாக்கியவதி கமலாக்ஷிக்கு கனகாம்பாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை சிவசங்கரனும் நன்றாக இருக்க எர்ணாகுளத்தப்பனை வேண்டிக்கொள்கிறேன். உன் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று போட எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. உன் மறுகல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினவள் நான்தான். அப்படிச் செய்யாதே என்று மாமா சொன்னார். நான் கேட்கவில்லை.

வீட்டுச் சாவியைச் சனிக்கிழமை கொடுத்துவிட்டோம். வாங்கினது எர்ணாகுளத்து டாக்டர் ஒருவரும் அவர் சம்சாரமும். வயதான காலத்துக்குத் தொல்லையில்லாத வீடு தேடிக்கொண்டிருந்தார்களாம். ஃபோர்ட்கொச்சியில் பெரிய மனிதர்கள் வசிக்கும் இடம், துறைமுகத்தைப் பார்த்த வீடு, பராமரிப்பு வேலை அதிகம் கிடையாது என்று புரோக்கர் முகமது இஸ்மாயில் பேப்பரில் போட்டிருந்தார். பொய் ஒன்றும் இல்லை. அம்மா முதுகு வலியோடு சருகு பெருக்கக் கூடாதென்று முற்றம் முழுக்க சிமெண்டு பூசினது ராமபத்ரன். வருஷா வருஷம் ஓடு மாற்றும் பாடு வேண்டாமென்று கான்கிரீட் போட்டதும் அவன்தான். கப்பலிலிருந்து லீவில் வருகிறபோதெல்லாம் ஏதாவது ஒன்று செய்துவிட்டுப் போவான், உனக்குத் தெரியாததா. வீடு பார்க்க வந்தவர்கள் யார் கட்டினது என்று கேட்டார்கள். மகன் என்று மட்டும் சொன்னேன்.

அப்படிப்பட்ட வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று நீ கேட்கவே இல்லை. அவன் கப்பலில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடி ஐந்து வருஷமாகியும், கப்பல் ஊதினால் மாமா மாடி ஜன்னலுக்கு ஓடுவார். போன துலா மாசம் அந்த அவசரத்தில் படியில் விழுந்து இடுப்பு பிசகிவிட்டது. இனி இங்கே இருக்க வேண்டாமென்று நான்தான் முடிவு செய்தேன்.

ஆனால் வீடு அவன் பேரில் இருந்தது. உனக்கும் அதில் பாதி உண்டு, உன் கையெழுத்து இல்லாமல் ஆதாரப் பத்திரம் பதிய முடியாது என்று வக்கீல் சொன்னார். எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது? மாமா மூன்று கடிதம் எழுதிக் கிழித்தார். கடைசியில் ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போட்டார். பதில் வருமென்று நான் நினைக்கவில்லை. நீயே வந்து நின்றாய், அந்த மழையில், கோயம்புத்தூரிலிருந்து.

ரிஜிஸ்டர் ஆபீசில் உன் பங்கை வாங்கிக்கொள் என்று மாமா சொன்னதற்கு, இது அவர் உங்களுக்காகச் செய்த வீடு, நான் அவரோடு மூன்று வருஷம் அதில் சந்தோஷமாக இருந்தேன், எனக்கு அது போதும் என்று சொன்னாய். பக்கத்து பெஞ்சில் இருந்த எனக்குக் காதில் விழுந்தது. தலை நிமிர முடியவில்லை.

மாப்பிள்ளை அதுவரை வராந்தாவிலேயே நின்றிருந்தார். உங்களை வழியனுப்ப வந்தபோது போட் ஜெட்டியில் மாமாவின் கால் தடுமாறியதல்லவா, யாரும் கூப்பிடாமல் வந்து தோள் கொடுத்தார். எர்ணாகுளம் சேரும்வரை பிடித்த கையை விடவில்லை. அந்தப் பிள்ளை நல்லவன் என்று மாமா தினம் ஒரு தடவையாவது சொல்கிறார். நானும் ஆமாம் என்கிறேன்.

போட்டில் மீன் வாசனை தாங்காமல் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். எத்தனை மாசம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்க எனக்கு என்ன உரிமை என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உன் அம்மா இருந்திருந்தால் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது. பிரசவத்துக்கு இங்கே வா. நாங்கள் இப்போது குடிவந்திருக்கும் இது சின்ன வீடு, இரண்டு அறைதான். ஆனால் ஏற வேண்டிய படி கிடையாது, குழாய் சமையலறையிலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில். உள் அறையை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். மாப்பிள்ளையும் லீவு கிடைக்கிறபோதெல்லாம் வந்து தங்கட்டும். அவருக்கு மாமா தனியாக எழுதுவார்.

வர முடியாதென்றால் காரணம் எதுவும் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். வருவதாக இருந்தால் தேதியை மட்டும் எழுது. மாமாவோடு நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பாள்