சாட்சிக்கு அழைக்கும் சொல்

நேற்று உன் மகள் உன்னுடைய ஆங்கில அகராதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா ஒரே ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு வச்சிருக்காங்க ஆன்ட்டி, ஏன்னு தெரியல" என்றாள். பிரித்துப் பார்த்தேன். 'டிடெஸ்ட்'. அடியோடு வெறுப்பது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

அப்போது நான் சென்னையில் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டியில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதைப் பக்கத்து வீட்டிலிருந்த நீ தினமும் பார்த்தாய். போனில் கேட்டபோதெல்லாம், "நல்லாத்தான் இருக்காங்க, நீ படி" என்றாய். தேர்வு எழுதிவிட்டு ஊர் வந்து இறங்கினால், வாசலில் பந்தல் போட்டிருந்தது.

காரியம் முடிந்த அன்று உனக்கு ஒரே வரி அனுப்பினேன், அந்தச் சொல்லை வைத்து. தமிழில் எழுதக் கை வரவில்லை.

மறுநாள் அகராதியோடு வந்தாய். இருவரும் ஆங்கிலம் படித்தவர்கள்தான். பொருள் தெரியாமல் நீ வரவில்லை.

"லத்தீன்லேர்ந்து வந்ததாம். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒருத்தரைச் சபிக்கிறது. சாட்சிங்கிற சொல் இதுக்குள்ளயே இருக்கு" என்றாய். பிறகு நீயே தொடர்ந்தாய்: "சாட்சி வேணும்னா உங்க அம்மாவைக் கூப்பிடு. சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டது அவங்கதான்."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாய். அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த ஒரு 'ஆமா'வுக்காகத்தான் உன்னோடு மறுபடி பேசினேன். அதற்கும் குறுவை அறுத்து, சம்பா நட்டு முடிகிற வரைக்கும் ஆயிற்று.

போன வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ என்னிடம் சொன்னாய்: "பரீட்சை முடியட்டும். பிள்ளைகிட்ட சொல்லிடாதே."

தலையாட்டினேன். மாடிப்படி இறங்கியதும் அவளுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றாள். பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டு நாள் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "அவளுக்கு ரெண்டு தோசை வாங்கிக் கொடு, சாப்பிடவே இல்ல" என்றாய். அதைப் பற்றி நாம் பேசியது அவ்வளவுதான்.

உன்னிடம் தலையாட்டிவிட்டு மீறியதை நீ மன்னித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. உன் கடைசிப் பதினோரு நாளும் அவள் உன்னோடு இருந்தாள். அந்தப் பதினோரு நாளில் நீ பேசியதையெல்லாம் வரும்போதெல்லாம் எனக்குச் சொல்கிறாள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.