முப்பத்திரண்டாம் இடம்

உன்னுடைய குளிர் ஜாக்கெட்டின் சிப் இன்றைக்கும் நெஞ்சுக்கு நேரே வந்து சிக்கிக்கொண்டது, மச்சான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பஸ் வரும் நேரம். வெளிப்படியில் நின்று இழுத்து இழுத்துக் கை விறைத்ததுதான் மிச்சம். பதினைந்து வருஷம் இதைப் போட்டுக்கொண்டு திரிந்தாயே, ஒரு சிப்பை மாற்ற உனக்கு நேரம் கிடைக்கவில்லையா? உன் மனைவி இதைத் தோய்த்துத்தான் என்னிடம் தந்தாள். ஆனாலும் கழுத்துப் பட்டியில் நீ பூசுகிற தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. நான் எரிச்சலோடு நின்ற நேரம் பார்த்துத்தான் போன் சத்தம் போட்டது.

செவ்வாய்க்கிழமை. அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள் முப்பத்திரண்டின் இந்த வாரத் தரவரிசை வந்திருந்தது. வழக்கம்போலக் கீழே இருந்துதான் தேடினேன். முப்பத்திரண்டில் இல்லை. முப்பதில் இல்லை. இருபதுகளிலும் இல்லை. விரல் மேலே மேலே போனது. முதலாம் இடத்தில் நிற்கிறார்கள், நம்முடைய ஆட்கள்! இத்தனை காலமும் மண் கவ்விக்கொண்டிருந்த அதே அணி. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். சந்தோஷம் என்று நினைக்காதே. ஆத்திரம். இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? சண்டாளா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்க உனக்கு என்ன வந்தது?

எல்லாம் இந்த ஜாக்கெட்டால் வந்த வினை. செயின்ட்-லோரன்ட்டில் மருந்துப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் நாம் இருவரும் சேர்ந்த முதல் குளிர்காலம். செயின்ட்-மிஷேலில் பழைய சாமான் விற்கிற சந்தையில் இதைப் பொறுக்கி எடுத்தாய். கருநீலம், முதுகில் ஏதோ ஓர் அணியின் சின்னம். அது என்னவென்று உனக்குத் தெரியாது. சூடாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் பஸ்ஸில், முன்பின் தெரியாத கிழவன் ஒருவன் சின்னத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, உன் தோளைத் தடவிவிட்டு இறங்கிப் போனானாம். சாப்பாட்டறைக்கு வந்து என்னிடம் கேட்டாய்:

“ஏன் மச்சான், இந்தச் சட்டையிலை என்ன பிழை? செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரியெல்லோ பாத்திட்டுப் போறான்.”

தேடிப் பார்த்தோம். அந்த அணி தோற்பதையே தொழிலாக வைத்திருந்தது. வேறு யாராவது என்றால் சின்னத்தைப் பிரித்து எறிந்திருப்பான். நீயோ, “பாவங்கள், இவங்களுக்கும் ஒருத்தன் வேணுமெல்லே” என்று அன்றைக்கே அவர்கள் பக்கம் சாய்ந்தாய். என்னையும் சேர்த்து இழுத்தாய்.

அதன் பிறகு ஞாயிறு பகல் என்றால் உன் வீடுதான். நாலு தரம் முயன்று பத்து யார்ட் நகர்வதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். பிறகு ஆட்டத்தின் பத்து நிமிஷச் சுருக்கம் வரும்தானே, அதைப் பார்ப்போம் என்றால் உனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

“சுருக்கம் பாக்கிறது, பொங்கல் புக்கையிலை கஜுவை மட்டும் பொறுக்கித் தின்னுற மாதிரி. அதிலை ஒருத்தனும் களைக்கிறேல்லை, ஒருத்தனுக்கும் நோகிறேல்லை.”

செவ்வாய் மதியம் சாப்பாட்டறையில் ஆளுக்கொரு லேபிள் தாளின் பின்பக்கத்தில் முப்பத்திரண்டு அணிகளையும் நம் கணிப்பில் வரிசையாக எழுதுவோம். எழுதி முடித்த பிறகுதான் இணையத்தில் வந்த பட்டியலைத் திறப்பது. யாருடைய கணிப்பு அதிகம் பிழையாகப் போனதோ அவன் மைக்ரோவேவ் கழுவ வேண்டும். அதற்குள்ளே தெறித்துக் கிடப்பது முழுக்க நம்முடைய மீன்குழம்புதான் என்பது வேறு கதை. பட்டியலைத் திறந்ததும் சண்டை தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வென்றவனை ஒன்பதாம் இடத்திலும், அவனிடம் அடிவாங்கியவனை ஏழாம் இடத்திலும் வைத்திருப்பார்கள். “இதை எழுதினவன் ஆட்டம் பாக்கேல்லை மச்சான், சுருக்கம் பாத்திருக்கிறான்” என்று நீ தீர்ப்புச் சொல்வாய்.

ஆனால் உன் பட்டியல் மட்டும் பெரிய ஒழுங்கோ? நம்முடைய ஆட்கள் தொடர்ந்து மூன்று கிழமை வென்றாலும் நீ அவர்களைக் கடைசியில்தான் எழுதுவாய். கேட்டால், “நாவூறு பட்டிடும். கீழை கிடந்தால் ஒருத்தன்ரை கண்ணும் படாது” என்பாய். அந்த ஒரு பிடிவாதத்தால் மைக்ரோவேவ் கழுவிக் கழுவியே உன் கை தேய்ந்தது. விளையாட்டோடு நிறுத்தினாயா? அதுவும் இல்லை. மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது “ஏதோ பாஸாம்” என்றாய். வீடு வாங்கியபோது “ஒழுகிற வீடு” என்றாய். எப்படிச் சுகம் என்று யாராவது கேட்டால், “முப்பத்திரண்டு” என்பாய். கேட்டவர் முழிப்பார். நான் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், பெட்டி தூக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“என்னடா, எப்பிடி இருக்கு?”

“முப்பத்திரண்டு.”

“அப்ப நல்லாத்தான் இருக்கிறாய்” என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே கவனித்தேனா, இப்போதுதான் சேர்த்துக்கொள்கிறேனா, எனக்கே தெரியவில்லை. அடுத்த கிழமையும் கேட்டேன், அதே பதில். மார்கழிக்கு முன்னம் நீ போய்விட்டாய். வயிற்றில் வந்த புற்று ஈரல் வரை பரவியிருந்ததாம்.

செத்த வீட்டில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அண்ணை, எனக்கு ஒளிச்சாலும் உங்களுக்கெண்டாலும் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன். ஒண்டும் சொல்லேல்லையே?”

“இல்லைத் தங்கச்சி.”

பொய். நீ சொன்னாய். இரண்டு தரம் சொன்னாய். இன்று வரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் நாலைந்து மாதம் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆனால் எனக்கு எப்படியடா தெரியும்? நல்ல நாளிலும் கடைசி இடம், பெருநாளிலும் கடைசி இடம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், உண்மையாகவே கடைசிக்குப் போகிறபோது குரலையாவது மாற்றக் கூடாதா? ‘இது பகிடி இல்லை மச்சான்’ என்று நாலு சொல். அதைச் சொன்னால் உன் வாயிலிருந்து என்ன முத்து உதிர்ந்துவிடும்?

உன்னைத் திட்டுகிறேனே, நான் மட்டும் திறமோ? ஆவணியிலிருந்து படியேறினால் எனக்கு நெஞ்சு இறுக்குகிறது. எங்கள் வீட்டு வெளிப்படி தெரியும்தானே, சுற்றிச் சுற்றி மூன்றாம் மாடிக்கு ஏறும். பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். மனைவி கதவைத் திறந்து, “இஞ்சேருங்கோ, ஏன் படியிலை இருக்கிறியள்?” என்பாள். “போன் பாக்கிறன்” என்பேன். இன்று காலை கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

மதியம் லேபிள் தாளை எடுத்தேன். நீ இல்லாவிட்டாலும், பட்டியலை முதலே பார்த்துவிட்டாலும், எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரும் போட்டிக்கு இல்லை, நானே தோற்று நானே மைக்ரோவேவ் கழுவுகிறேன். இன்றைக்கு மட்டும் நம்முடைய ஆட்களை முதலாம் இடத்தில் எழுதிவிடுவது என்று ஒரு வீம்பு. நாவூறு பட்டால் படட்டும், இனி என்னிடமிருந்து எடுத்துப்போக என்ன கிடக்கிறது? ஒன்று என்று இலக்கம் போட்டேன். பேனை அதற்குமேல் ஓடவில்லை. கடைசியில்தான் எழுதினேன். எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, மைக்ரோவேவுக்குள் கையை விட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். அப்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினாற்போல இருந்தது. இடக்கை கனத்தது. சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் குறைந்தது. ஒன்றுமில்லை என்று துணியை மறுபடி எடுத்தேன். எடுத்த கையோடு உன் முகம்தான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்ற அந்த முகம்.

மனைவிக்குப் போன் எடுத்தேன். “எனக்கு நெஞ்சு இறுக்குது. இண்டைக்கு மட்டுமில்லை, ஆவணியிலை இருந்து.”

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. “அதிலையே இருங்கோ. அசையாதேங்கோ. நான் வாறன்” என்றாள். சொன்னபடி வந்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

இப்போது அவசர சிகிச்சைப் பிரிவில், சட்டைப் பையில் கிடந்த லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை இரு என்று சொல்லி மூன்று மணித்தியாலம் ஆகிறது. எதிரே தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களின் சுருக்கம் ஓடுகிறது. நம்முடைய ஆட்கள் பந்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், குதிக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். நீ சொன்னது சரிதான், அதில் ஒருத்தனுக்கும் நோகவில்லை.

வந்தவுடன் பதிவு செய்த தாதி சின்னப் பெண். ஈசிஜிக்கு ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னாள். சிப் அசையவில்லை. அவளும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒருமாதிரி எடுத்தார்கள். நான் உன்னை மனதுக்குள் திட்டினேன். பிறகு அவள் பிரெஞ்சில் கேட்டாள், வலி மோசமாக இருக்கிறபோது பத்துக்கு எத்தனை, பத்துத்தான் ஆகக் கூடியது என்று. வாய்வரை இரண்டு என்றுதான் வந்தது. உன்னோடு இத்தனை வருஷம் பழகிய வாய் அல்லவா. மனைவி உன் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டை விழுங்கிவிட்டு, தாதிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவளுக்கும் விளங்கத் தமிழில் சொன்னேன்.

“ஏழு.”